அபராதம் சர்க்காருக்கு, அடிபட்டவனுக்கு என்ன?

(சங்கக் கிளைக் கூட்டமொன்றில் பால்வெட்டுத் தொழிலாளர்கள், கிராணிமார்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவு)

இன்றைக்குச் சட்டத்தைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். சட்டம் என்றதும், "நமக்கும் கோர்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? விடிந்தால் பிரட்டு, பிறகு வெட்டு, மதியம் ஸ்டோர், சாயங்காலம் வீடு" என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். கொலையும் கொள்ளையும் பத்திரிகையில் வருகிற வழக்குகள். நம்முடைய லயத்து வாசலுக்கு வருகிற வழக்குகள் வேறு. கடையடியில் ஒரு கைகலப்பு. தண்ணீர்க் குழாயடியில் ஒரு வாய்த்தகராறு. மோட்டார் சைக்கிள் ஒன்று காணாமற் போவது. ஒரு வாளி கட்டிப்பால் குறைவது. அடுத்த வீட்டு வேலியைப் பிடுங்கி எறிவது. இவற்றைத்தான் நாம் சில்லறைக் குற்றம் என்கிறோம். குற்றம் சில்லறையாக இருக்கலாம். நட்டப்படுகிற தொழிலாளிக்கு அந்த நட்டம் சில்லறையல்ல.

நான் கேட்க வந்த கேள்வி ஒன்றே ஒன்று. குற்றம் செய்தவன் கோர்ட்டில் அபராதம் கட்டுகிறான். அந்தப் பணம் எங்கே போகிறது? அடிபட்டவனுக்கு அதில் ஒரு காசாவது வருகிறதா?

ஒரு கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்காகச் சொல்லுகிற கணக்குத்தான் இது. ஒரு பால்வெட்டுத் தொழிலாளியைக் கடையடியில் இன்னொருவர் கோபத்தில் முகத்தில் குத்திவிடுகிறார். மூக்குக் கண்ணாடி உடைகிறது, தாடை வீங்குகிறது, ஆறு நாள் வேலைக்குப் போக முடியவில்லை. அந்த வருஷத்துக்குரிய சம்பளத்தோடு கூடிய மருத்துவ லீவு அவருக்கு முன்பே தீர்ந்துவிட்டது. ஆகவே ஆறு நாளும் கூலியில்லை. 2025-ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மாதத்துக்கு 26 வேலை நாள் என்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 65 வெள்ளி. ஆறு நாளைக்கு 390. டவுன் ஆஸ்பத்திரிக்கு இரண்டு நடை வாடகைக் கார் 80. புதுக் கண்ணாடி 220. வெளியே வாங்கிய மருந்து 30. கூட்டிப் பாருங்கள்: 720 வெள்ளி.

வழக்கு மாஜிஸ்திரேட் முன் வருகிறது. வேண்டுமென்றே காயம் விளைவித்த குற்றம். தண்டனைச் சட்டத்தின் 323-ஆம் பிரிவு. ஓராண்டு வரை சிறை, அல்லது 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அடித்தவர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். மாஜிஸ்திரேட் 800 வெள்ளி அபராதம் போடுகிறார். அவர் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வெளியே வருகிறார். வழக்கு முடிந்தது.

முடிந்ததா, தோழர்களே? அடித்தவர் வீட்டிலிருந்து 800 வெள்ளி போயிற்று. அடிபட்டவர் வீட்டிலிருந்து 720 வெள்ளி போயிற்று. இரண்டு தொழிலாளிக் குடும்பங்களும் சேர்ந்து இழந்தது 1,520 வெள்ளி. சர்க்கார் கஜானாவுக்கு 800 வெள்ளி வரவு. அடிபட்டவர் கையில் வந்தது பூஜ்யம்.

இதிலே சர்க்காரைத் திட்டிப் பயனில்லை. அபராதம் என்பது தண்டனை. பொது அமைதியைக் கெடுத்ததற்காக நாட்டுக்குக் கட்டுகிற பணம் அது. அது நாட்டுக்குத்தான் போகும். நஷ்டஈடு என்பது வேறு. அது நட்டப்பட்டவனுக்கு, அவன் இழந்ததைத் திருப்பிக் கொடுப்பது. இந்த இரண்டையும் நம் ஜனங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். "அவனுக்கு அபராதம் போட்டார்கள்" என்று கேட்டதும் நியாயம் கிடைத்துவிட்டதாக நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இன்றைய பேச்சில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், இந்த வித்தியாசத்தை வைத்துக்கொள்ளுங்கள். அபராதம் தானாக வரும். நஷ்டஈடு கேட்டால்தான் வரும்.

நூறு வெள்ளிச் சட்டம்

நம் நாட்டில் சிறு குற்றங்கள் சட்டம் என்றே ஒரு சட்டம் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டில் வந்தது. குடித்து நிதானமிழந்து பொது இடத்தில் கிடந்தால் முதல் தடவைக்கு 25 வெள்ளி வரை அபராதம். அமைதி குலையும்படி ஒருவரை ஏசினாலோ, மிரட்டினாலோ, அவமானப்படுத்தினாலோ 14-ஆம் பிரிவின்படி 100 வெள்ளிக்கு மேற்படாத அபராதம். அந்தச் சட்டம் எழுதப்பட்ட காலத்தில் 100 வெள்ளி என்பது ஒரு வெட்டுத் தொழிலாளியின் மாதக் கூலியை விழுங்கக் கூடிய தொகை. இன்று அது இரண்டு நாள் கூலிக்கும் குறைவு.

2024 ஜூலை மாதம் நடந்ததை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். சமூக வலைத்தளத்தில் பலரும் அறிந்த நம் தமிழ்ப் பெண்மணி ஒருவர், அங்கே தன்மேல் பொழியப்பட்ட ஏச்சும் மிரட்டலும் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் தொடர்பில் கோலாலம்பூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு, அந்த 14-ஆம் பிரிவின் கீழ் 100 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அந்தப் பிரிவில் அதற்குமேல் விதிக்க இடமேயில்லை. நாடு கொதித்தது. "ஓர் உயிருக்கு நூறு வெள்ளியா?" என்று ஜனங்கள் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பாராளுமன்றம் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியது. 2025-இல் புதிய பிரிவுகள் நடைமுறைக்கு வந்தன. ஒருவரை வேதனைப்படுத்தவோ அச்சுறுத்தவோ வேண்டுமென்ற நோக்கத்தோடு மிரட்டி ஏசுகிறவருக்கு இப்போது மூன்றாண்டு வரை சிறை விதிக்கலாம்.

நல்லது. வரவேற்கிறோம். ஆனால் தண்டனையை ஏற்றுவதோடு நம் சிந்தனை நின்றுவிடக் கூடாது. நூறு வெள்ளி அபராதம் ஆயிரமானாலும் பத்தாயிரமானாலும், அது போகிற வழி ஒன்றுதான். நட்டப்பட்ட குடும்பத்துக்கு என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கும். அதற்குப் பதில் சொல்லுகிற சட்டம் வேறோரிடத்தில் இருக்கிறது. அது பல காலமாகவே இருக்கிறது. நாம்தான் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

426-ஆம் பிரிவு

குற்றவியல் நடைமுறைச் சட்டம் என்று ஒன்று உண்டு. அதில் 426-ஆம் பிரிவு. குற்றவாளி என்று தீர்ப்பான ஒருவர், தம்மால் நட்டப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டுமென்று கோர்ட்டு உத்தரவிடலாம் என்பது அதில் முன்பிருந்தே இருந்த அதிகாரம். "உத்தரவிடலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். மாஜிஸ்திரேட் விரும்பினால் போடலாம், விரும்பாவிட்டால் விடலாம். 2007-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதைப் பலப்படுத்தியது. அரசாங்கத் தரப்பு வழக்கறிஞர் விண்ணப்பித்தால், கோர்ட்டு நஷ்டஈட்டு உத்தரவு போட்டே ஆக வேண்டும். தொகை எவ்வளவு என்பதை நிர்ணயிப்பது கோர்ட்டு. உத்தரவே போடாமல் விட்டுவிட இடமில்லை.

எதற்கெல்லாம் கேட்கலாம்? உடம்புக்கு ஏற்பட்ட காயத்துக்கு, நற்பெயருக்கு வந்த கெடுதிக்கு, இழந்த வருமானத்துக்கு, இழந்த அல்லது சேதப்பட்ட பொருளுக்கு. தொகையை நிர்ணயிக்கும்போது குற்றத்தின் தன்மை, காயம், செய்த செலவு, பொருளின் நட்டம், போன கூலி, இவற்றோடு குற்றவாளியின் கொடுக்கும் சக்தியையும் கோர்ட்டு பார்க்கும். நட்டப்பட்டவர் இறந்துபோயிருந்தால் அவர் சார்பில் அவருடைய பிரதிநிதிக்குக் கிடைக்கும். குற்றவாளி சிறுபிள்ளையாக இருந்தால் பெற்றோர் அல்லது காப்பாளர் கட்ட வேண்டும்.

நான் முன்பு சொன்ன 720 வெள்ளிக் கணக்கை இந்தப் பட்டியலோடு ஒட்டிப் பாருங்கள். கூலி, வாடகைக் கார், கண்ணாடி, மருந்து, எல்லாம் அதற்குள் அடங்குகிறது. அந்தத் தொழிலாளிக்குச் சட்டம் இடம் கொடுத்தது. அவர் கேட்கவில்லை. அவருக்காகக் கேட்கவும் ஆளில்லை.

இன்னொன்று. இந்தப் பிரிவு பிரஜை, பிரஜையல்லாதவர் என்று பிரித்துப் பேசவில்லை. நம் பக்கத்து லயத்தில் குடியிருக்கும் இந்தோனேசியத் தோழர் அடிபட்டாலும், வங்காளதேசத் தோழருடைய பொருள் களவு போனாலும், அவர்களும் நட்டப்பட்டவர்களே. சங்கம் அவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்.

எப்படிக் கேட்பது?

நம் ஜனங்கள் ஏன் கேட்பதில்லை? பயம் ஒரு காரணம். அந்தப் பயத்துக்கும் சரித்திரம் உண்டு. ஒப்பந்தக் கூலிக் காலத்தில் தோட்டத்தை விட்டுப் போவதே குற்றம். வேலைக்கு வராவிட்டாலும் குற்றம். மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்திச் சிறைக்கு அனுப்பினார்கள். ஒப்பந்தக் கூலிகளாக ஆள் சேர்ப்பது 1910-இல் நிறுத்தப்பட்டது. ஆனால் கோர்ட்டு என்றால் நம்மைத் தண்டிக்கிற இடம் என்ற எண்ணம் மட்டும் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்துவிட்டது. நம் நட்டத்தைக் கேட்டு வாங்கவும் அதே இடத்துக்குப் போகலாம் என்பதை நாம் படிக்க வேண்டும். வழியைச் சொல்கிறேன்.

முதலாவது, உடனே போலீசில் புகார் செய்யுங்கள். நடந்ததை மட்டும் சொல்லாமல் நட்டத்தையும் சொல்லுங்கள். "கண்ணாடி உடைந்தது, இன்ன விலை" என்று புகாரிலேயே இருக்கட்டும். புகாரின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீக்கம் வடிந்த பிறகு போனால் டாக்டர் எதைப் பார்த்து எழுதுவார்? அரசாங்க கிளினிக்கில் பிரஜைகளுக்குச் சீட்டு 1 வெள்ளிதான். அந்த ஒரு வெள்ளிச் சீட்டு பிறகு பெரிய சாட்சியாகும்.

மூன்றாவது, ரசீது. கார் வாடகையானாலும் மருந்தானாலும் துண்டுச் சீட்டாவது வாங்குங்கள். ரசீதில்லாத செலவைக் கோர்ட்டில் நிரூபிப்பது கஷ்டம்.

நான்காவது, போன கூலிக்கு ஆதாரம். இங்கேதான் கிராணி நண்பர்களைப் பார்த்துப் பேசுகிறேன். ஒரு தொழிலாளி எந்தெந்த நாள் வேலைக்கு வரவில்லை, வழக்கமாக அவருக்கு என்ன வரும் என்பது உங்கள் செக்ரோலில் இருக்கிறது. சம்பளச் சீட்டு உங்கள் கையால் போவது. அவர் கேட்டு வந்தால், மானேஜர் அனுமதியோடு, அந்த விவரத்தை ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். உங்களுக்கு அது அரை மணி வேலை. அவருக்கு அது ஒரு வாரக் கூலி.

ஐந்தாவது, இந்தக் காகிதங்களையெல்லாம் விசாரணை செய்கிற போலீஸ் அதிகாரியிடம் கொடுத்து, "எனக்கு நஷ்டஈடு வேண்டும், அரசாங்க வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எழுதியும் கொடுங்கள். வழக்கு நாளன்று கோர்ட்டுக்குப் போய் அரசாங்க வழக்கறிஞரிடமும் சொல்லுங்கள். விண்ணப்பிக்க வேண்டியவர் அவர். அவர் கையில் அன்றைக்கு எத்தனையோ வழக்குகள் இருக்கும். உங்கள் கண்ணாடி உடைந்த கதை அவருக்கு எப்படித் தெரியும்?

ஆறாவது, தண்டனை விதிப்பதற்கு முன் பேசுகிற உரிமை. 2012-இல் சேர்க்கப்பட்ட விதியின்படி, நட்டப்பட்டவரோ அவருடைய குடும்பத்தாரோ கேட்டுக்கொண்டால், அந்தக் குற்றத்தால் தங்களுக்கு நேர்ந்த பாதிப்பைக் கோர்ட்டில் சொல்ல அவர்களை அழைக்க வேண்டும். இங்கும் அதே சங்கதிதான்: கேட்டுக்கொண்டால்.

ஒரு தடங்கலையும் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் கைகலப்பு, போலீசார் வாரண்டில்லாமல் கைது செய்ய முடியாத குற்ற வகையைச் சேர்ந்தது. அத்தகைய புகாரைப் பதிந்துகொண்டு, "மாஜிஸ்திரேட்டிடம் போங்கள்" என்று போலீசார் உங்களை அனுப்பலாம். அது உங்களை விரட்டுவதாக நினைத்து வீடு திரும்பிவிடாதீர்கள். மாஜிஸ்திரேட்டிடம் நேரே முறையிட்டுக்கொள்ளச் சட்டத்தில் வழி உண்டு. சங்கத்துக்கு வாருங்கள்; முறையீட்டை எழுத உதவி செய்வது நம் கடமை.

மறுபக்கம்

இதுவரை அடிபட்டவர் பக்கம் பேசினேன். அடித்தவரும் நம் தோழர்தான். அவர் பக்கமும் பேச வேண்டும்.

கோபத்தில் கை ஓங்குகிறவர்கள் ஒன்றை அறிய வேண்டும். வெறுங்கையால் குத்தினால் 323. அதே கையில் பால்வெட்டும் கத்தி இருந்து, அதனால் காயம் பட்டால் 324. பத்தாண்டு வரை சிறைக்கு இடமுண்டு, பிரம்படியும் உண்டு. கத்தி நம் தொழிலின் ஆயுதம். தகராறு வந்தால் முதலில் அதைக் கீழே வையுங்கள். ஒரு வாளி கட்டிப்பால் என்றால் சின்ன விஷயம் என்று நினைக்கிறார்கள். சட்டத்தில் அது திருட்டு. 379-ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறை. முதல் குற்றமென்று அபராதத்தோடு விட்டாலும் பெயரில் கறை விழுகிறது. நாளைக்கு வேறு வேலை தேடும்போது அந்தக் கறை முன்னே போய் நிற்கும்.

குற்றம் சாட்டப்பட்டால், "ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும்" என்று பிறர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டாதீர்கள். என்ன குற்றம், எந்தப் பிரிவு, என்ன தண்டனை என்று விளங்கிய பிறகே வாய் திறவுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகா இருக்கிறது. சிறு குற்றங்கள் சட்டத்தின் கீழுள்ள வழக்குகளும், குற்றத்தை ஒப்புக்கொண்டவர் தண்டனையைக் குறைக்கக் கேட்பதும் அதன் வேலையில் சேர்ந்தவை. மற்றக் குற்ற வழக்குகளில் பிரஜைகளுக்கு உதவ தேசிய சட்ட உதவி அறநிறுவனம் 2012 முதல் வேலை செய்கிறது. வருமான வரம்பு உண்டு, போய்க் கேளுங்கள்.

அபராதமானாலும் நஷ்டஈடானாலும் ஒரே தவணையில் கட்ட முடியாவிட்டால், அவகாசமோ தவணையோ கொடுக்கும்படி கோர்ட்டைக் கேட்கலாம். கொடுக்க அதற்கு அதிகாரம் உண்டு. இதைக் கேட்காமல் வட்டிக்காரனிடம் ஓடுகிறவர்கள் எத்தனை பேர்! என்னைக் கேட்டால், கோர்ட்டில் நிற்கிற தோழருக்கு நான் சொல்லுகிற யோசனை இது: "ஐயா, நான் செய்தது தப்பு. அவருடைய நட்டத்தைத் தவணையில் கட்டுகிறேன்" என்று முன்வந்து சொல்லுங்கள். அந்தச் சொல்லில் மானக்குறைவு ஏதுமில்லை. எதிராளியின் கோபமும் பாதி தணியும்.

பஞ்சாயத்து எதுவரைக்கும்?

கோர்ட்டுக்கே போக வேண்டுமா, நமக்குள்ளே பேசித் தீர்க்கக் கூடாதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. சட்டமே சில குற்றங்களைச் சமரசமாகத் தீர்த்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. நடைமுறைச் சட்டத்தின் 260-ஆம் பிரிவைப் பாருங்கள். சாதாரணக் காயம், தாக்க முற்படுதல், தனியாருடைய பொருளைச் சேதப்படுத்துதல், அத்துமீறி நுழைதல், வேண்டுமென்றே அவமதித்தல், அவதூறு போன்றவற்றை நட்டப்பட்டவரே சமரசம் செய்துகொள்ளலாம். வழக்குக் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தால் கோர்ட்டின் சம்மதம் வேண்டும். சமரசமானால் எதிரி விடுதலையானதற்குச் சமம்.

ஆகவே சமரசத்தில் கையெழுத்துப் போடுமுன் மூன்று காரியங்களைப் பாருங்கள். காயம் ஆறி, செலவு முழுவதும் தெரிந்ததா? தொகையும் நாளும் எழுத்தில் இருக்கிறதா? பணம் கைக்கு வந்ததா? "பிறகு தருகிறேன்" என்ற வாய்ச்சொல்லை நம்பி முடித்துக்கொண்டால், அதே குற்றத்துக்காக மறுபடி அவர்மேல் வழக்குத் தொடர முடியாது.

திருட்டு இந்தப் பட்டியலில் இல்லை. திருடினவனிடம் பணம் வாங்கிக்கொண்டு "புகார் செய்யமாட்டோம்" என்று பேரம் பேசினால், பேரம் பேசியவரும் சட்டத்தில் மாட்டிக்கொள்ளக் கூடும். பஞ்சாயத்துப் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மனைவியை அடிக்கிற விவகாரத்தைத் தனியாகச் சொல்கிறேன். கோயில் மண்டபத்தில் நாலு பேர் உட்கார்ந்து, அடிபட்ட பெண்ணிடமே "பொறுத்துப் போம்மா" என்று சொல்லி அனுப்புவதற்குப் பெயர் சமரசமல்ல. 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்பும் கொடுக்கிறது, நஷ்டஈடும் கொடுக்கிறது. வலிக்கும் வேதனைக்கும், மருத்துவச் செலவுக்கும், போன கூலிக்கும், உடைந்த பொருளுக்கும் அவர் கேட்கலாம். அந்தக் குற்றத்துக்குப் போலீசார் வாரண்டில்லாமலே நடவடிக்கை எடுக்கலாம். தாய்மார்களே, உங்களில் ஒருவருக்கு இது நேர்ந்தால் சங்கத்தின் கதவு உங்களுக்குத் திறந்திருக்கும்.

நிர்வாகத்துக்கு நட்டம் என்றால்?

தோட்ட நிர்வாகமும் சில வழக்குகளில் நட்டப்பட்ட கட்சிதான். பால் களவு போனால் நட்டம் நிர்வாகத்துக்கு. நியாயம் பேசுகிறவர்கள் அதை மறுக்கக் கூடாது. குற்றம் நிரூபணமானால் நிர்வாகமும் கோர்ட்டு மூலமாக நஷ்டஈடு கேட்கட்டும். கோர்ட்டு தொழிலாளியின் கொடுக்கும் சக்தியையும் பார்த்துத் தொகையைப் போடும்.

ஆனால் நிர்வாகமே போலீசாகவும், மாஜிஸ்திரேட்டாகவும், வசூல் செய்கிறவராகவும் ஆகிவிட முடியாது. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், 24-ஆம் பிரிவு: அந்தச் சட்டம் அனுமதித்த பிடித்தங்களைத் தவிர வேறு எதையும் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. மிகையாகக் கொடுத்துவிட்ட சம்பளம், முன்பணம், தொழிலாளி எழுதிக் கேட்டுக்கொண்ட சங்கச் சந்தா, இப்படிச் சில பிடித்தங்களுக்குத்தான் அதில் இடம். "வாளி தொலைந்தது, பால் குறைந்தது, 50 வெள்ளி அபராதம்" என்று மானேஜர் நினைத்தபடி சம்பளச் சீட்டில் எழுத முடியாது.

ஒழுங்கீனம் என்று சொன்னால் 14-ஆம் பிரிவு இருக்கிறது. முறையான விசாரணை நடத்த வேண்டும். விசாரணைக்காக இரண்டு வாரத்துக்கு மேற்படாமல் வேலை நிறுத்தி வைக்கலாம். அந்தக் காலத்துக்குப் பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். குற்றமில்லையென்று தெரிந்தால் பிடித்து வைத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கிராணி நண்பர்களே, சம்பளச் சீட்டில் புதுமாதிரிப் பிடித்தம் ஒன்றை எழுதும்படி உத்தரவு வந்தால், "இது எந்தப் பிரிவில் வருகிறது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பல தொழிலாளிகளைக் காப்பாற்றும்.

மிச்சத் தொகை

கடைசியாக ஒன்று. கோர்ட்டு கொடுத்த நஷ்டஈடு உங்கள் நட்டத்துக்குப் போதவில்லையென்றால் கதவு அடைபட்டுவிடவில்லை. கிடைத்தது போக மிச்சத்துக்குச் சிவில் வழக்குப் போடலாம். 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கையை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு வழக்கு முறையில் நீங்களே பதிவு செய்யலாம். அந்த முறையில் வக்கீல் வைக்கத் தேவையில்லை. எதிராளியான தனி மனிதரும் சாதாரணமாக வக்கீல் வைத்து வாதாட முடியாது. தொழிலாளியும் தொழிலாளியும் சமமாக நின்று பேசுகிற இடம் அது.

தோழர்களே! இந்தக் கிளைக்கு நான் வைக்கிற வேண்டுகோள் பெரிய தீர்மானமல்ல. கிளையில் ஒருவரை, எழுதப் படிக்க நன்றாகத் தெரிந்த ஒருவரை, இந்த வேலைக்கென்று நியமியுங்கள். தோட்டத்தில் யாருக்கு அடிபட்டாலும், யாருடைய பொருள் போனாலும், அவர் அந்த வீட்டுக்குப் போகட்டும். புகார் நகல் இருக்கிறதா, டாக்டர் சீட்டு இருக்கிறதா, ரசீது இருக்கிறதா, கூலி விவரம் எழுதியாயிற்றா என்று பார்த்து, எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு, வழக்கு நாளன்று கூடவே கோர்ட்டுக்குப் போகட்டும். எதிர்த்தரப்பும் நம் அங்கத்தினராக இருந்தால், அவருக்குச் சட்ட உதவி கிடைக்க வேறொருவர் உதவட்டும். இரண்டு பேரும் நம்மவர். இரண்டு பேருக்கும் நியாயம் வேண்டும்.

கூலி உயர்வுக்காக நாம் ஒவ்வொரு காசுக்கும் பேரம் பேசுகிறோம். ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி கூட வேண்டுமென்று மாதக்கணக்கில் போராடுகிறோம். அப்படிப் பாடுபட்டுச் சேர்த்த கூலியில் ஒரு வாரத்தை யாரோ ஒருவருடைய கோபம் அடித்துக்கொண்டு போகும்போது மட்டும், "தலைவிதி" என்று சும்மா இருக்கலாமா? அந்த 720 வெள்ளியும் நம் வியர்வைதான். சட்டம் அதைத் திருப்பித் தரத் தயாராக இருக்கிறது. வாய் திறந்து கேட்க வேண்டியது நாம்.